கடல் மீன் கொங்கு நாட்டுக்கு வந்த வழி



மீன் பிடிப்பதைப் பற்றி உலகில் எழுதப்பட்டவை ஏராளம். வலையைப் பற்றியும் தூண்டிலைப் பற்றியும் புயலிற் சிக்கிய படகைப் பற்றியும் எல்லா மொழிகளிலும் கதைகளும் பாடல்களும் உள்ளன. பிடித்த மீனை உண்பவன் வீட்டு வாயில் வரையில் கொண்டு சேர்ப்பதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. ஆயினும் வரலாற்றை ஊன்றி நோக்குவோமானால், பிடிப்பதைக் காட்டிலும் கொண்டு சேர்ப்பதே மனிதனை அதிகம் வருத்திய வேலை என்பது விளங்கும். எங்கள் கொங்கு நாடு கடல் காணாத நாடு. இந்நாட்டுக்குக் கடல் மீன் வந்து சேர்ந்த கதையை இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆசிரியனாக இருந்தவனுக்குக் கணக்கில்லாமற் பேச்சு ஓடாது. திருப்பூரிலிருந்து மேற்கே பொன்னானிக் கடற்கரை, நேர்கோட்டில் அளந்தால், ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கிழக்கே நாகப்பட்டினம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். மாட்டு வண்டி நல்ல பாதையில் ஒரு நாளைக்கு 25 அல்லது 30 கிலோமீட்டர் செல்லும். பாதைகள் நேர்கோட்டிற் செல்வதில்லை. ஆகவே மேற்குக் கடலிலிருந்து வண்டி வந்து சேர ஒரு வாரம் ஆகும். கிழக்குக் கடலிலிருந்து பத்து நாளுக்கு மேல் ஆகும். மீனுக்கு அத்தனை பொறுமை கிடையாது. நம் நாட்டு வெயிலில், விடியற்காலையிற் பிடித்த மீன் எந்தப் பக்குவமும் செய்யாமல் விடப்பட்டால் மாலைக்குள் கெட்டுவிடும். அதன் செவுளிலும் தோலின் வழுவழுப்பிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள், மீன் உயிரோடிருக்கும் வரையில் அடங்கியிருந்து, அது இறந்தவுடன் தம் வேலையைத் தொடங்குகின்றன. குடலிலுள்ள செரிமான நீரும் மீனின் சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்குகிறது. மீனுக்குள்ள அவகாசம் சில மணி நேரம். வண்டிக்கு வேண்டிய காலம் ஒரு வாரம். இந்த இடைவெளியை மனிதன் எப்படிக் கடந்தான் என்பதே கதை.

கடற்பொருள்கள் எல்லாமே கொங்கு நாட்டுக்கு வர அஞ்சின என்று எண்ண வேண்டா. நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும், வளையல் அறுத்தபின் எஞ்சிய சங்குத் துண்டுகளும் கிடைத்துள்ளன. அஃதாவது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடற்சங்கு நொய்யற்கரைக்கு வந்து, இங்குள்ள தொழிலாளர் கையில் அறுபட்டு வளையலாயிற்று. மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பெருவழி கொடுமணலைத் தொட்டுச் சென்றது. வழி இருந்தது, வண்டி இருந்தது, வணிகரும் இருந்தனர். சங்கு அழுகாது, வந்தது. மீன் அழுகும். அதற்கு வேறொரு துணை வேண்டியிருந்தது.

அத்துணை உப்பு. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள், பரதவர் வீட்டுப் பெண்கள் மணலில் மீனை உலர்த்துவதையும், பறவைகள் கவராமற் காவலிருப்பதையும் பலமுறை காட்டுகின்றனர். உப்பு வணிகராகிய உமணர், வண்டி வண்டியாக உப்பை ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு மேட்டு நிலம் கடந்து உள்நாட்டுக்குச் சென்றதையும் காட்டுகின்றனர். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் அடியிற் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தைப் புறநானூறு குறிப்பிடுகிறது. நெடுவழிப் பயணத்தின் இடர்களை நன்கறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

கருவாட்டை ஏழைகளின் மலிவுப் பண்டம் என்று இகழ்வோர் உண்டு. அதிலுள்ள அறிவை அவர்கள் அறியார். உப்பு மீனின் உடலிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்து உப்பு மிகுந்த சதையில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் வாழ இயலாது. பின்பு வெயில் எஞ்சிய ஈரத்தை வாங்குகிறது. எவ்வளவு உப்பிடுவது என்பது மீனின் பருமனையும் கொழுப்பையும் பொறுத்தது. அதைவிட, அது செல்ல வேண்டிய தூரத்தைப் பொறுத்தது. மறுநாள் பக்கத்து ஊரில் விற்பதற்கு எட்டுக்கு ஒரு பங்கு உப்புப் போதும். மழைக்காலம் கடந்து மலை தாண்டிச் செல்வதற்கு மூன்றுக்கு ஒரு பங்கு வேண்டும். நெத்திலி போன்ற சிறுமீன் உப்பின்றியே மணலிற் காய்ந்துவிடும். சுறாவும் வாளையும் அப்படியல்ல. கீறிப் பிளந்து உப்புத் திணிக்க வேண்டும்.

இடத்துக்கு இடம் முறையும் வேறுபட்டது. தென் தமிழ்நாட்டுக் கடற்கரையில், உப்பிட்ட மீனைப் பனையோலைப் பாயிற் சுற்றி மணலில் குழி தோண்டிப் புதைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து எடுக்கும் வழக்கம் உண்டு. மேற்குக் கரையில் அயிலை மீனைக் குடல் நீக்கி, உப்போடு குடம்புளியும் சேர்த்துத் தொட்டியில் ஊறவைத்து, அந்த உப்பு நீரோடு மரப் பீப்பாய்களில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினர். அதனாலேயே அதற்குக் கொழும்புப் பதம் என்ற பெயர் ஏற்பட்டது. உப்பு அரிதான மாலத் தீவினரும் மினிக்காய்த் தீவினரும் வேறு வழி கண்டனர். சூரை மீனை நான்காகப் பிளந்து, நீரில் வேகவைத்து, புகையிலிட்டு, வெயிலிற் காயவைத்தனர். கல்லைப் போல் இறுகும் அதுவே மாசிக் கருவாடு. பதினான்காம் நூற்றாண்டில் மாலத் தீவில் நீதிபதியாக இருந்த இபின் பதூதா இம்முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் சென்றது என்றும் குறித்திருக்கிறார். ஐரோப்பாவிற் போர்த்துக்கேயர் அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூபவுண்டுலாந்துக்குச் சென்று, காட் என்னும் மீனைப் பிடித்து, கப்பலிலேயே உப்பிட்டு, மாதக்கணக்கில் வைத்திருந்து வீடு கொண்டுவந்தனர். அவர்கள் புறப்படும்போது கப்பலின் வயிறு நிறைய இருந்தது உப்பு. திரும்பும்போது இருந்தது மீன். நெடுந்தூரம் சென்று பிடிப்பவன் முதலில் எண்ண வேண்டியது திரும்பும் வழியைத்தான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் கருவாட்டுக்காரர் அமர்ந்த இடத்தை நான் சிறு வயதிற் கவனித்திருக்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பல்லடம், திருப்பூர்ப் பக்கம் ஓயாது வீசும். ஆகவே கருவாட்டுக் கடைகள் எப்போதும் சந்தையின் கீழ்க்கோடியில் இருக்கும். துணிக்கடைக்கும் வெல்லக்கடைக்கும் வாசனை போகக்கூடாது என்பது எழுதாத சட்டம். விற்பவர் பலர் வெளியூரார். மூட்டையைப் பேருந்தின் மேலேற்றி வருவார்கள். சில நடத்துநர்கள் ஏற்ற மறுப்பதும் உண்டு. ஆனால் கம்பஞ்சோறும் சோளச்சோறும் உண்ட அக்காலத்தில், மழை பெய்து காய்கறி வாராத நாளில், அந்தக் கீழ்க்கோடிக்குப் போகாத உழவர் வீடு குறைவு. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாக் கருவாடு வாங்க வந்த முதியவள், கருவாட்டை வளைத்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், செம்மை படிந்திருந்தால் திருப்பிப் போட்டுவிடுவாள். அச்செம்மை, தூய்மையற்ற உப்பிலேயே வாழும் ஒருவகை நுண்ணுயிரால் வருவது என்று பிற்காலத்தில் நான் படித்தேன். அவளுக்கு அது படிக்காமலே தெரியும்.

இனி வரியின் கதைக்கு வருவோம். கருவாட்டின் பயணத் தூரத்தை உப்பின் அளவே நிர்ணயிக்கிறது என்றேன். அப்படியானால் உப்பின் மேல் விதிக்கப்படும் வரி யாது? அது தூரத்தின் மேல் விதிக்கப்படும் வரியே ஆகும். கடற்கரையில் இருப்பவன் புது மீனை உண்டுகொள்வான். கடலிலிருந்து நூறு கல் தொலைவில் இருப்பவனுக்கோ உப்பிட்ட மீனைத் தவிர வேறு மீன் இல்லை. உப்பின் விலை ஏறும்போது முதலில் அறுபடுவது அவனுடைய பங்கு.

சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டு முதல் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம் கோயம்புத்தூர் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அப்பஞ்சம் முற்றிலும் நீங்கு முன்னரே, 1877 டிசம்பரில், இம்மாகாணத்து உப்பு வரி மணங்குக்கு ஒரு ரூபாய் பதின்மூன்று அணாவிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. இங்கே மணங்கு என்பது சென்னையில் வழங்கிய சிறு மணங்கு அன்று. ஏறத்தாழ 37 கிலோ கொண்ட பெரு மணங்கு. இரண்டரை ரூபாய் என்பது நாற்பது அணா. வயற்கூலி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அணாவாக இருந்த காலம் அது. ஒரு மணங்கு உப்புக்குரிய வரி மட்டும் ஒரு கூலியாளின் இரண்டு வார உழைப்பை விழுங்கியது. அவ்வுப்பைக் கொண்டு மூன்று நான்கு மணங்கு மீனைப் பதப்படுத்தலாம். வரி 1882இல் இரண்டு ரூபாயாகக் குறைந்து, 1888இல் மறுபடியும் இரண்டரை ரூபாயாகி, 1907இல்தான் ஒரு ரூபாய்க்கு இறங்கியது.

இதன் விளைவை நேரிற் கண்டு எழுதியவர் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கில மருத்துவர். சென்னைப் படையில் மருத்துவராக இருந்து, மீன்களின்பால் ஈடுபாடு கொண்டு, இந்தியக் கடற்கரைகளை ஆராய்ந்து, 1873இல் கடல் மீன்வளத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். உப்பு விலை தாங்காத மீனவர்கள் உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்துவதையும், உப்பே இடாமல் அரைகுறையாக உலர்த்துவதையும் அவர் எடுத்துக் காட்டினார். அத்தகைய மீன் தூரம் செல்லாது. சென்றாலும் உண்பவனுக்கு நோய் தரும். இதனை உணர்ந்த அரசாங்கம் 1870களில் தொடங்கிக் கடற்கரைகளில் மீன் உப்பிடும் அடைப்புகளை ஏற்படுத்திற்று. அங்கே மீனுக்கு மட்டும் வரியின்றி உப்புக் கொடுக்கப்பட்டது. ஆனால் நிபந்தனையைப் பாருங்கள். மீனை அடைப்புக்குள் கொண்டுவர வேண்டும். உப்பு நிறுத்துக் கொடுக்கப்படும். உப்பிலாகாச் சேவகர் காவலிருப்பர். ஒரு கைப்பிடி உப்பும் வெளியே போகலாகாது. இதனாற் கடலிலே, படகிலே, மீன் துடிக்கும்போதே உப்பிடுவது இயலாதாயிற்று. கரைக்கு வந்து, அடைப்புக்குச் சுமந்து, முறைக்குக் காத்திருந்து, பிறகுதான் உப்பு. அதற்குள் வெயில் தன் வேலையைப் பாதி முடித்திருக்கும். ஆயினும் இந்த அடைப்புகளால் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. உள்நாட்டுச் சந்தைக்கு ஓரளவேனும் தக்க கருவாடு வந்தது இவற்றாலேதான்.

இருப்புப் பாதையும் அக்காலத்தில் வந்துவிட்டது. சென்னை இருப்புப் பாதைக் கம்பெனியார் இரு கடல்களையும் இணைக்க எண்ணி, கிழக்கே சென்னையிலிருந்தும் மேற்கே பேப்பூரிலிருந்தும் வேலை தொடங்கினர். 1861இல் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே முதல் வண்டி ஓடியது. 1862இல் சேலம், ஈரோடு, திருப்பூர், போத்தனூர், பாலக்காடு வழியாகப் பாதை முற்றிலும் இணைந்தது. பேப்பூர் என்று பெயர் பெற்றிருந்தாலும் அந்த மேற்கு முனை நிலையம் ஆற்றுக்குத் தென்புறத்தில் சாலியம் என்னும் ஊரில் இருந்தது. சுற்றுப்புறமெல்லாம் மீனவர் குடியிருப்பு. ஒரு வாரம் பிடித்த வண்டிப் பயணம் ஒரே நாளுக்குள் அடங்கிவிட்டது. அன்றைய நிலையில் இது வியப்பினும் வியப்பு. எனினும் இப்பாதை மீனுக்காகப் போடப்பட்டதன்று. பருத்தியும் படையும் அஞ்சலும் செல்லப் போடப்பட்டது. திருப்பூர் பருத்திச் சந்தையாக வளர்ந்ததற்கும், பின்னர்ப் பனியன் நகரமாக உயர்ந்ததற்கும் இப்பாதை ஒரு காரணம். மீன் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. புது மீன் ஒரு நாள் பயணத்தையும் தாங்காதாகையால் வந்தது பெரும்பாலும் கருவாடே.

அதே காலத்தில் மலையாளக் கடற்கரையில் நடந்ததை நினைத்தால் மனம் வருந்துகிறது. மத்தி மீன் சில பருவங்களில் அளவின்றி வந்து குவியும். உப்பிட வசதியின்றி, உண்பவர் போக எஞ்சியதை மணலிற் பரப்பிக் காயவைத்துத் தென்னைக்கும் காப்பித் தோட்டத்துக்கும் உரமாக விற்றனர். எண்ணெய் எடுக்கவும் காய்ச்சினர். கணவாய்க்கு இப்பால் புரதம் காணாத குழந்தைகள்; அப்பால் மணலில் எருவாகும் மீன். நடுவே ஓடும் புகைவண்டி. குறைந்தது மீனா, வண்டியா? இரண்டும் அல்ல. வாங்கத்தக்க விலையில் உப்பு இல்லை. வேறு காப்புமுறையும் இல்லை.

இந்தக் குறையை நீக்க முயன்றவர்களுள் தலைசிறந்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அவருக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1887இல் வெளிவந்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் அவரே. திருப்பூர் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். கிணற்றுப் பாசனத்தையும் புஞ்சை மண்ணையும் உழவரின் கடனையும் ஊர் ஊராக அறிந்தவர். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று 1890களில் அவர் எழுதிய அறிக்கையே இந்நாட்டுக் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்டது. அரசுப் பணி முடிந்தபின், 1907இல், சென்னை மாகாண மீன்வளத் துறையை உருவாக்கும் பொறுப்பை அவர் மேற்கொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வு பெற்றவனாகிய எனக்கு இச்செய்தியைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி உண்டு.

நிக்கல்சன் ஜப்பானிய மீன்தொழிலை ஆராய்ந்து குறிப்பு வெளியிட்டார். மீனை நன்முறையில் உப்பிடுவதிலும், மத்தியிலிருந்து தூய எண்ணெய் எடுப்பதிலும் சோதனைகள் நடத்தினார். மீனைத் தகரப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றும் சாலியத்தில் நடந்தது. முன்பு நான் சொன்ன இருப்புப் பாதை முனை இருந்த அதே சாலியந்தான். தகர மீன் சுவையாக இருந்திருக்கலாம்; ஆனால் தகரம் அயல்நாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். பல்லடத்து உழவன் அதை வாங்கியிருக்க மாட்டான். என் எண்ணத்தில் நிக்கல்சனின் பெருமை தகரப் பெட்டியில் இல்லை. மீன் என்பது உரமன்று, எண்ணெயன்று, முதலில் அது மக்களின் உணவு என்று அதிகாரத்திலிருந்த ஒருவர் விடாது சொன்னாரே, அதில் உள்ளது. வறண்ட மாவட்டத்தின் வயிற்றை அறிந்தவராதலின் அவருக்கு அது தோன்றியது என்று நான் நினைக்கிறேன்.

உப்பு வரியின் முடிவை நேயர்கள் அறிவீர்கள். 1930 ஏப்ரலில் இராஜாஜி அவர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களை அழைத்துச் சென்று உப்பெடுத்தார். பள்ளிப் பாடங்களில் இதைச் சொல்லும்போது நாங்கள் கஞ்சிக்கு இடும் உப்பைப் பற்றியே பேசினோம். உப்புச் சென்ற இடங்களுள் ஒன்று மீன் என்பதையும் சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்கு அப்போராட்டத்தின் ஆழம் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும். 1931இல் காந்தி இர்வின் உடன்படிக்கைப்படி கடற்கரை ஊரார் தம் சொந்தத் தேவைக்கு உப்பெடுக்க இசைவு கிடைத்தது. 1947 ஏப்ரல் முதல் நாள் வரியே ஒழிந்தது.

இனிப் பனிக்கட்டி. 1833இல் அமெரிக்காவிலிருந்து இயற்கைப் பனிக்கட்டி கப்பலேறி, நான்கு மாதம் கடலில் மிதந்து, மரத்தூளின் காப்பில் கரையாமற் கல்கத்தா வந்து சேர்ந்தது. சென்னையில் அதற்கென்று 1842இல் கட்டப்பட்ட கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. அப்பனிக்கட்டி வெள்ளையர் பானத்துக்கும் மருத்துவமனைக்கும் பயன்பட்டது, மீனுக்கு வந்ததன்று. இங்கிலாந்திலோ அதே நூற்றாண்டில் மீன்தொழிலையே பனிக்கட்டி மாற்றிவிட்டது. பார்க்கிங் என்னும் ஊரைச் சேர்ந்த சாமுவேல் ஹியூவெட் என்பவரின் படகுகள் வாரக்கணக்கிற் கடலிலேயே தங்கின. எசெக்ஸ் உழவர்கள் குளிர்காலத்தில் வயலில் நீர் பாய்ச்சி உறையவைத்த பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு விரைவுப் படகுகள் சென்று, மற்றப் படகுகள் பிடித்த மீனை வாங்கி இலண்டன் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1848இல் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்கு இருப்புப் பாதை வந்தபின், கடல் காணாத ஆலை நகரங்களின் தொழிலாளிக்கும் புது மீன் மலிவாகக் கிட்டியது. ஆலை நகரும் பனிக்கட்டியும் புகைவண்டியும் மீனும் ஒருங்கு சேர்ந்த கதை அது. ஏறத்தாழ நூறாண்டு கழித்துத் திருப்பூருக்கும் அக்கதை வாய்த்தது.

நம் பக்கத்தில் பனிக்கட்டி மீனுக்குப் பெருவாரியாகப் பயன்படத் தொடங்கியது விடுதலைக்குப் பின்னர்தான். 1952இல் நார்வே நாட்டுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகும் பனிக்கட்டித் தொழிற்சாலையும் வந்தன. 1953இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்கே சென்றது. கடல் கடந்த நாட்டுக்கு இறால் கெடாமற் சென்ற பின்னரும், மலை கடந்த ஊருக்கு மத்தி மூங்கிற் கூடையிலேதான் வந்தது. பனையோலைப் பாய் விரித்து, பனிக்கட்டித் தூளும் மீனுமாக மாற்றி மாற்றி அடுக்கி, மேலே சாக்குப் போட்டுத் தைத்த கூடைகள் புகைவண்டி மேடையில் இறங்கும்போது நீர் ஒழுகும். அந்நீரோடு மீனின் சத்தும் வணிகனின் ஆதாயமும் ஒழுகின என்பதே உண்மை. கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் இக்குறையை ஆராய்ந்து, பழைய தேயிலைப் பெட்டிகளை வாங்கி, உட்புறம் தெர்மாக்கோல் பலகை பொருத்தி, மலிவான மீன்பெட்டி செய்யும் முறையைக் காட்டினர். தேயிலைக்குப் பிறந்த பெட்டி மீனைச் சுமந்து இந்தியா முழுவதும் சென்றது. பெரிய கண்டுபிடிப்புகளை மட்டும் போற்றும் நாம் இத்தகைய சிறு சூழ்ச்சிகளையும் நினைவிற் கொள்ளலாம்.

வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது நல்ல கணக்கு. பழைய உப்பைப் போலவே, பனிக்கட்டியின் அளவே தூரத்தின் அளவு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்களைக் கேட்டால் இதை நன்றாகச் சொல்வார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள் அவர்கள். புறப்படும்போது எண்ணெயும் பனிக்கட்டியும் கடனாக ஏறுகின்றன. முதல் வாரத்திற் பிடித்த மீன் அடியறையில் நெடுநாட் கிடப்பதால் விலை குறையும். கடைசி நாட்களிற் பிடித்ததே நல்ல விலை பெறும். பனிக்கட்டி தீரும் நாளும் திரும்ப வேண்டிய நாளும் ஒன்றே. அவர்கள் பிடித்த மீன் பெரும்பாலும் அவர்களுடைய ஊருக்கு வருவதில்லை. கொச்சித் தோப்பும்படித் துறையில் இறங்கி ஏலம் போகிறது. வீட்டுக்கு வருவது கடன் கழித்த பங்கு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது அவ்வூர்களில் பலர் வீட்டுக்கு அதுவும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

இரு கடல்களுக்கும் தொலைவில் இருப்பது கொங்கு நாட்டின் குறை என்றேன். அதுவே இப்போது ஒரு வசதியாகவும் அமைந்துள்ளது. தமிழகத்துக் கிழக்குக் கடலில், மீன்கள் இனம் பெருக்கும் பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. மேற்குக் கடலிலோ தடைக்காலம் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது. ஆகவே கிழக்கு அடைத்தால் மேற்கு மீன் கணவாய் வழியாக வரும். மேற்கு அடைத்தால் இராமேசுவரம், தூத்துக்குடி மீன் வரும். திருப்பூர்த் தென்னம்பாளையம் சந்தையில் நள்ளிரவு கடந்தபின் சரக்குந்துகள் வந்து நிற்கின்றன. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பனியன் ஏற்றிச் செல்லும் வண்டிகளும், அங்கிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளும் ஒரே சாலையில் எதிரெதிரே கடக்கின்றன. ஒன்று கப்பல் புறப்படும் நாளைத் துரத்துகிறது. மற்றொன்று பனிக்கட்டி கரையும் வேகத்தை முந்த ஓடுகிறது.

ஒரு குறையையும் சொல்லாமலிருக்க இயலவில்லை. பனிக்கட்டிக்குப் பணம் செலவாகிறது, இடமும் பிடிக்கிறது. ஆகவே தூரத்தை ஏமாற்ற முயல்வோர் தோன்றினர். பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் பார்மலின் என்னும் மருந்தை மீனிற் கலக்கும் கொடுமை அது. 2018 ஜூனில் கேரள அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையினர் வாளையாறு, ஆரியங்காவு சோதனைச் சாவடிகளில் அத்தகைய மீனை ஆயிரக்கணக்கான கிலோ அளவிற் பிடித்தனர். வாளையாறு நமக்கு அயலூர் அன்று, கணவாயின் வாயில். முன்னர்ச் சொன்ன கொச்சி ஆய்வு நிலையத்தாரே சில நிமிடங்களில் இதனைக் கண்டறியும் சோதனைத் தாளையும் உருவாக்கினர். தென்னம்பாளையம் சந்தையிலும் அலுவலர்கள் மீனைச் சோதித்து வருகின்றனர். அக்காலத்து முதியவள் கருவாட்டைக் கையால் வளைத்தே தரம் கண்டாள். மருந்திட்ட மீனோ கண்ணுக்கும் மூக்குக்கும் புதியது போலவே தோன்றும். ஈ மொய்க்காத மீனைக் கண்டு ஐயுறும் நிலைக்கு இல்லத்தரசிகள் வந்துவிட்டனர்.

நொய்யலில் மீன் பிடித்து அன்றே உண்ட தலைமுறையினர் இன்னும் சிலர் இருக்கின்றனர். சாயக்கழிவு அவ்வாற்றை என்ன செய்தது என்பதும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் செய்ததும் வேறொரு பேச்சுக்குரியவை. பக்கத்திலிருந்த மீனை இழந்த ஊர் தூரத்து மீனை நம்ப வேண்டியதாயிற்று என்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சந்தைக்குச் சென்றால் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் காதில் விழும். பனியன் ஆலைகளிலும் விடுதிகளிலும் இருக்கும் அவ்விளைஞர்கள் கடல் மீனை அதிகம் நாடுவதில்லை. அவர்கள் கேட்பது குளத்து மீனாகிய ரோகுவும் கட்லாவும். அமராவதி அணையிலிருந்தும் பிற நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது போதாமல், ஆந்திரத்துக் குளங்களில் வளர்த்த மீன், பெட்டி பெட்டியாகப் பனிக்கட்டியில் அடுக்கப்பட்டு, இரவு பகலாக வந்து சேர்கிறது. செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, விலை பேசி வாங்கி, அங்கேயே வெட்டச் செய்து பையிற் போட்டுக்கொண்டு போகின்றனர். கருவாட்டுக் கடைகளும் அவ்வரிசையில் உண்டு. நெத்திலியும் வாளையும் சுறாவும் இன்றும் சாக்கின்மேற் குவிந்திருக்கின்றன. மழை பெய்த மறுநாள் அங்கேயும் கூட்டம் இருக்கிறது.